ஷட்டவுன் வேலைக்குப் போகிறவர்களுக்கு: பூட்டிய கதவும் உங்கள் டோஸ் கணக்கும்

களியக்காவிளை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்திலிருந்தும், எல்லைக்கு அந்தப்புறம் பாறசாலையிலிருந்தும் அணுமின் நிலையங்களுக்கு உலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பான ஷட்டவுன் வேலைக்குப் போகும் வெல்டர்களும் ஃபிட்டர்களும் உதவியாளர்களும் இருக்கிறார்கள். ஆள் சேர்க்க வருகிறவர் கூலி, தங்குமிடம், சாப்பாடு மூன்றையும் விவரமாகச் சொல்வார். உள்ளே சில கதவுகள் ஏன் பூட்டியிருக்கின்றன, அங்கே வாங்கும் டோஸுக்கு, அதாவது உடம்பில் ஏறும் கதிர்வீச்சு அளவுக்கு, யார் கணக்கு வைப்பார்கள் என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. ஆகவே இந்தக் குறிப்பு.

இதற்கு அடிப்படை 2004ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள். மேற்பார்வை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துடையது. கதிர்வீச்சு வேலை செய்கிறவர் தொடர்ந்து 5 ஆண்டுகளில் வாங்கும் மொத்த டோஸ் 100 மில்லிசீவர்ட்டைத் (டோஸை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக்கூடாது. பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1. பதினெட்டு வயது நிறையாதவரை இந்த வேலையில் அமர்த்தக்கூடாது.

உலை ஓடும்போது அதன் வழியாகப் பாயும் நீரில் நைட்ரஜன்-16 உண்டாகிறது. வலுவான காமாக் கதிர் வீசும் பொருள். ஆனால் சுமார் 7 விநாடிக்கு ஒருமுறை பாதியாகிவிடும். அதனால் உலை ஓடும்போது ஆள் நுழையவே கூடாத சில அறைகளுக்குள், நிறுத்தியபின் போக முடிகிறது. “உலைதான் நின்றுவிட்டதே” என்ற தைரியம் இங்கேதான் பிறக்கிறது. அது பாதி உண்மை. குழாய் வளைவிலும் வால்விலும் வடிகட்டியிலும் படிந்திருக்கும் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் பாதியாவதற்கு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஷட்டவுனில் கை வைக்க வேண்டியிருப்பதும் அந்த இடங்களில்தான். பார்வைக்கு அது துடைத்து வைத்த குழாய். மணம் இல்லை, சூடு இல்லை. கருவி சொன்னால்தான் உண்டு.

எந்த அறை ‘உயர் கதிர்வீச்சுப் பகுதி’? அமெரிக்க விதி இதை எண்ணாலேயே வரையறுக்கிறது: கதிர் வரும் பொருளிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் ஒரு மணி நேரத்தில் 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கிடைக்கும் இடம். பொதுமக்களில் ஒருவருக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் அனுமதித்த அளவு, அங்கே ஒரே மணி நேரத்தில். அப்படிப்பட்ட இடத்தின் வாசலில் எச்சரிக்கை மணி, பூட்டு போன்ற கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. கூடவே ஒரு நிபந்தனை: உள்ளே இருப்பவர் வெளியே வருவதை அந்தப் பூட்டு தடுக்கக்கூடாது. நுழையத் தடை உண்டு, வெளியேறத் தடை கிடையாது. எந்த நாட்டு நிலையத்துக்குப் போனாலும் பணிக்கு முந்தைய விளக்கத்தில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: “உள்ளே மாட்டிக்கொண்டால் கதவு எப்படித் திறக்கும்?” கேட்பதில் வெட்கம் எதற்கு?

நம் நிலையங்களில் கதிர்வீச்சுள்ள இடத்தில் வேலை செய்ய, கதிர்வீச்சுப் பணி அனுமதிச் சீட்டு வேண்டும். என்ன வேலை, எந்த இடம், அங்கே கதிர்வீச்சு எவ்வளவு, என்ன அணிய வேண்டும் என்று அதில் இருக்கும். மணிக்கு 2 மில்லிசீவர்ட் உள்ள இடத்தில் கால் மணி நேரம் நின்றால் 0.5. இந்தக் கணக்கை நுழையும் முன் நீங்களே போட்டுப் பாருங்கள். ஸ்பேனரைத் தேடுவது, அடுத்த ஆளுக்காகக் காத்திருப்பது எல்லாம் வெளியே நடக்க வேண்டிய வேலைகள்.

கல்பாக்கம் போன்ற கனநீர் உலைகளில் 1 முதல் 4 வரை மண்டலம் பிரித்திருப்பார்கள். அந்த எண் முக்கியமாகக் கதிரியக்க மாசு ஒட்டும் வாய்ப்பைக் காட்டுவது. துடைத்த தரையுள்ள அறையிலும் சுவருக்குள்ளிருக்கும் குழாயிலிருந்து கதிர் வரலாம். மண்டல எண்ணை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போகாதீர்கள். வாசல் பலகையையும் படியுங்கள்.

மார்பில் அணியும், டோஸைப் பதிவுசெய்யும் டி.எல்.டி பேட்ஜ் சட்டப்படியான கணக்குக்கு. அதைப் பிறகு ஆய்வகத்தில்தான் படிப்பார்கள். கூடவே தரும் சிறு டோஸ்மீட்டர் அப்போதைக்கப்போதே அளவு காட்டும். பேட்ஜை வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. மணவாளக்குறிச்சிக் கடலோரத்துக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: அங்குள்ள மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இருக்கிறது. ஊர் மண்ணின் கதிர்வீச்சு வேலைக் கணக்கில் சேராது. ஆனால் வீட்டு ஆணியில் தொங்கும் பேட்ஜுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இனி உரிமை. உங்கள் டோஸ் பதிவையும் உடல்நலக் கண்காணிப்பு அறிக்கையையும் வேலைக்கு அமர்த்தியவர் ஆண்டுதோறும் தர வேண்டும். நீங்கள் கேட்கும்போதும், வேலையை விட்டு நிற்கும்போதும் தர வேண்டும். உங்களைச் சேர்க்கும் முன், பழைய இடத்திலிருந்து அந்தப் பதிவுகளை வரவழைப்பதும் அவர் பொறுப்பு. சேரும்போது மருத்துவப் பரிசோதனை கட்டாயம். பேட்ஜோடு வரும் தனி எண் இடம் மாறினாலும் மாறாது. தேசிய டோஸ் பதிவேட்டில் உங்களைக் காட்டுவது அதுதான். ஆதார் எண்ணைப் போலக் குறித்து வையுங்கள்.

கடமையும் உண்டு. முன்பு செய்த கதிர்வீச்சு வேலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவுற்றது தெரிந்ததும் பெண் தொழிலாளர் தெரிவிக்க வேண்டும். “டோஸ் தீர்ந்தது என்றால் வேலை போய்விடும்” என்று பழைய கணக்கை மறைக்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, அந்தப் பயத்துக்குக் காரணம் கூலி. ஆனால் மறைத்த டோஸ் உடம்பிலிருந்து கழிந்துவிடாது. டோஸ் வரம்பை எட்டினால் மாற்று வேலை உண்டா, மீதி நாள் கூலி என்ன ஆகும் என்பதை ஒப்பந்தம் பேசும்போதே கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

ஷட்டவுன் முடிந்து கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே டோஸ் பதிவுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். காண்ட்ராக்டர் இழுத்தடித்தால் நிலையத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியை அணுகலாம். மும்பையிலுள்ள ஒழுங்குமுறை வாரியத்துக்கும் எழுதலாம். கூடங்குளம், கல்பாக்கம் நிலையங்களை நடத்துவது பொதுத்துறை நிறுவனம் என்பதால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடவும் வழி இருக்கிறது. மனுவில் பேட்ஜ் எண், வேலை செய்த மாதங்கள், காண்ட்ராக்டர் பெயர் மூன்றையும் குறிப்பிடுங்கள்.