தாடை தனியாக இறுகுவதில்லை

இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? அப்படியென்றால் தாடை சும்மா இல்லை, வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓய்வில் உதடுகள் மூடியிருந்தாலும் பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்.

தாடையைக் கதவுக் கீல் போல நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அதற்குக் கீழே, தொண்டையின் மேல்பக்கம், லாட வடிவில் நாவடி எலும்பு என்று ஒன்று இருக்கிறது. வேறெந்த எலும்போடும் மூட்டாகச் சேராமல், மேலே தாடையோடும் நாக்கோடும், கீழே மார்பெலும்போடும் தோள்பட்டை எலும்போடும் தசைகளால் இழுத்துக் கட்டப்பட்டு அந்தரத்தில் நிற்கிறது. கழுத்து அசைந்தால் இந்தக் கட்டு இழுபட்டு, தாடையும் சேர்ந்து நகரும்.

நம்பிக்கை இல்லையா? நிமிர்ந்து உட்கார்ந்து பற்களை மெல்லத் தட்டுங்கள். அப்புறம் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்துத் தட்டுங்கள். இப்போது கடைவாய்ப் பக்கம் முதலில் இடிக்கும், தாடை பின்னால் போய்விட்டது.

திரையைப் பார்க்கத் தலையை முன்னே நீட்டி முகத்தை நிமிர்த்தும்போதும் கொஞ்சம் இதேதான் நடக்கிறது. தாடை கீழும் பின்னுமாக இழுபட, வாய் பிளந்துகொள்ளாமல் கன்னத் தசையும் நெற்றிப்பொட்டுத் தசையும் பிடித்து நிறுத்துகின்றன.

இதில் மூச்சு எங்கே வருகிறது? நாக்கின் பெரிய தசை தாடையின் உட்புறத்தில்தான் தொடங்குகிறது, அதனால் தாடை பின்னே போனால் நாக்கும் பின்னே போய்க் காற்றுப்பாதை குறுகும். மயங்கிக் கிடப்பவருக்கு மோவாயைத் தூக்கிவிடுவதும், சிலருக்குக் குறட்டைக்காகத் தாடையை முன்னே தள்ளி வைக்கும் கருவியைக் கொடுப்பதும் இதற்காகத்தான். மூக்கடைப்புக்காரர் தலையை முன்னே நீட்டி வாயால் மூச்சு விடுவதும் அந்தப் பாதையை அகலப்படுத்தத்தான், பாவம், அவருக்கே அது தெரியாது. போதாததற்கு, மேல்மார்பால் மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளைத் தூக்கக் கழுத்துத் தசைகளும் கூலி இல்லாமல் உழைக்கின்றன.

நிமிர்ந்து உட்கார்ந்தாலே தாடை வலி ஓடிவிடும் என்பவர்களை நான் முழுசாக நம்புவதில்லை. மனக் கவலைக்கும் தூக்கக் குறைவுக்கும் இதில் பங்கு உண்டு, வலி விடாவிட்டால் பல் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

ஆனால் ஒன்று செய்து பாருங்கள். உதட்டை மூடி ‘ன்’ என்று இழுத்து, நாக்கை அங்கேயே விட்டுவிடுங்கள். ‘ந்’ வேண்டாம், அது பல்லில் இடிக்கும். ‘ன்’ சொல்லும்போது பற்கள் விலகியிருக்கும், காற்றுக்கும் மூக்கைத் தவிர வேறு வழியில்லை.