பாதி அட்டை

ஏற்காட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் மெடிக்கலுக்கு ஒருவர் வந்தார். சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுத்து நீட்டினார். உள்ளே 2 மாத்திரை. வெட்டியதில் பெயர் பாதி போய், 'க்ஸிம் 200' என்பதும் ஓரத்துச் சிவப்புக் கோடும்தான் மிச்சம். செஃபிக்ஸிம், பாக்டீரியாவைக் கொல்லும் ஓர் ஆன்டிபயாடிக்.

"இதுல இன்னும் மூணு குடுங்க தம்பி. கோர்ஸ முடிச்சர்றேன்."

"யாருக்குண்ணா?"

"எனக்குத்தான். காப்பி பறிக்கிற நேரம், மேல ஒரே பனி. மூணு நாளா மூக்கு ஒழுகுது, இருமல். பொண்ணுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு எழுதுனது மீதி கெடந்துச்சு. நேத்து ரெண்டு போட்டேன், நல்லா கேக்குது."

கேட்கத்தான் செய்யும். சாதாரணச் சளி சில நாளில் தானாகவே இறங்கும். பெயரை மாத்திரை தட்டிக்கொண்டு போகும். சளிக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது. வயிற்றில் சும்மா இருக்கும் பாக்டீரியாவைத்தான் அடிக்கும். அதில் சாகாமல் தப்பியவை பெருகும். நாளைக்கு அவருக்கே நீர்த்தாரைத் தொற்று வந்தால், இதே மாத்திரை கேட்காமல் போகலாம். 'கோர்ஸை முடி' என்று நாங்கள் சொல்லிச் சொல்லிப் பழக்கியது, டாக்டர் எழுதியவருக்கு, எழுதிய நோய்க்கு, எழுதிய நாள்வரை என்ற அர்த்தத்தில்.

செஃபிக்ஸிம் எச்1 பட்டியல் மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. 2014 மார்ச்சிலிருந்து இதற்குத் தனி நோட்டு: டாக்டர், நோயாளி, மருந்து, எத்தனை என்று எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். நான் மறுத்தால் நாலு கடை தள்ளிக் கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். நானே ஆரம்பத்தில் 'சளி செட்டு' மடித்துக் கொடுத்தவன்தான்: ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, சும்மா கிடக்கட்டும் என்று ஒரு அமாக்ஸிசிலின் ஆன்டிபயாடிக்.

வீடுகளில் இதைவிட மோசம், குழந்தைகளின் பவுடர் சிரப். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டைத் தண்ணீர் கலந்துவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்தாலும் 7 நாள்தான். அப்புறம் கொட்டிவிட வேண்டும். அடுத்த மாதம் தம்பிப் பாப்பாவுக்கு அதே பாட்டிலைக் குலுக்கி ஊற்றுகிறார்கள்.

சரி, அவருக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்தேன். மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் விடாமல் அடித்தாலோ டாக்டரிடம் போகச் சொன்னேன். இருமல் 2 வாரம் தாண்டினால் அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம் என்றும் சொன்னேன்.

"அந்த ரெண்டையும் இங்கயே குடுத்துருங்கண்ணா."

அட்டையை ஒரு முறை பார்த்தார். "காசு போட்டு வாங்குனதுப்பா" என்று மறுபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.