ஒரு ஜீனை எடுத்துவிட்டால் எலிக்கு என்ன ஆகும்?

பெங்களூரு ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழகம் பக்கம் இருக்கும் என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு மைய வளாகத்தில், ஜீன் மாற்றிய சுண்டெலிகளை உருவாக்கித் தரவே ஒரு பிரிவு இருக்கிறது. இதைச் சொன்னதும் அல்சூரில் இருக்கும் என் அக்கா மகள், "மாமா, மனுஷ வியாதிக்கு எலி எதுக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

புரதம் செய்யும் ஜீன்கள் நமக்குச் சுமார் 20,000. எலிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே. நம்முடைய பெரும்பாலான ஜீன்களுக்கு எலியிலும் இணையான ஜீன் உண்டு. ஒரு ஜீனின் வேலை தெரியவேண்டுமானால், அதைச் செயலிழக்கச் செய்துவிட்டு எது கெடுகிறது என்று பார்க்கலாம். இந்த 'நாக்அவுட்' எலிக்கு வழிகாட்டிய கேப்பெக்கி, எவான்ஸ், ஸ்மிதிஸ் மூவரும் 2007இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று ஜீனைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவி வந்தபின் வேலை இன்னும் சுலபம்.

ஆனால் இதயத்தை ஆராய்பவர் தன் எலியின் இதயத்தைத்தான் பார்ப்பார். அதே எலிக்குக் காது கேட்கிறதா என்று யார் பார்ப்பது? பிரபலமான ஜீன்களையே எல்லோரும் திரும்பத் திரும்பத் துருவுகிறார்கள் என்பது இன்னொரு குறை.

2011இல் தொடங்கிய ஐஎம்பிசி (International Mouse Phenotyping Consortium) என்ற சர்வதேசக் கூட்டு முயற்சி இதை மாற்றியது. ஒவ்வொரு ஜீனாக நீக்கி, ஜீனுக்கு 7 ஆண், 7 பெண் எலிகள் என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மாஸ்டர் செக்கப் செய்கிறார்கள்: பிடிமான வலு, சர்க்கரை, எலும்பு அடர்த்தி, கண், இதயம், ரத்தம். ஜீன் மாற்றாத அதே இன எலிகளுக்கும் இதே சோதனைகள்தான்; ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.

காதுச் சோதனையைப் பாருங்கள். 14 வார எலியை மயக்கத்தில் வைத்து, தோலுக்கடியில் மெல்லிய மின்முனைகளைச் செருகி, 6 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி கொடுக்கிறார்கள். ஒலியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, மூளைத்தண்டில் மின் அலை எந்த அளவில் நின்றுபோகிறது என்று குறிக்கிறார்கள். 2017இல் வெளியான முடிவில், சோதித்த 3,006 ஜீன்களில் 67 கேட்புத்திறனைப் பாதித்தன. அவற்றில் 52 ஜீன்களுக்குக் காதோடு தொடர்பு இருப்பதே அதுவரை தெரியாது! ஊகத்தை நம்பித் தேடியிருந்தால் இத்தனை சிக்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.

எல்லா எலியும் பிறப்பதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜீன்கள் இல்லாவிட்டால் குட்டிகள் கருவிலோ, பால்குடி மறக்கும் முன்போ இறந்துவிடுகின்றன, அல்லது மிகச் சிலதான் பிழைக்கின்றன. அப்படிப்பட்ட ஜீன்களுக்கு, தாயிடமும் தந்தையிடமும் இருந்து வரும் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் இழந்த எலிகளைச் சோதிக்கிறார்கள். கரு எந்தக் கட்டத்தில் நின்றது என்பதையும் பார்க்கிறார்கள்.

இந்தத் தரவு முழுக்க இணையத்தில் இலவசம். அரிய நோயோடு வரும் குழந்தையின் மரபணுப் பரிசோதனையில் கேள்விப்படாத ஜீனில் பிழை தெரிந்தால், மருத்துவர் அதன் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். எலியை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால் குழந்தைக்கு முதலில் கண்ணைச் சோதிப்பதா, எலும்பையா என்று முடிவெடுக்க அது உதவும்.