நோடு: கணுவா, முனையமா?

மீத்திறன் கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதும்போது, ‘நோடு’ (node) வருகிற இடத்திலெல்லாம் ‘முனையம்’ என்று போட்டுவிடுகிறார்கள். முனையத்தைத் திறந்து, நுழைவு முனையம் வழியாகக் கணிப்பு முனையங்களுக்கு வேலையை அனுப்பு என்கிற மாதிரி வாக்கியங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதில் முதல் முனையம் டெர்மினல், அதாவது கட்டளை தட்டும் சாளரம். மற்ற இரண்டும் நோடு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதில் என்ன விளங்கும்?

பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கான பெரிய கணினி ஒற்றைப் பெட்டி அல்ல. பல கணினிகளை வேகமான வலையமைப்பால் பிணைத்த திரள் அது. ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலி, தனி நினைவகம் உண்டு. அந்த ஒவ்வொன்றும் ஒரு நோடு. லத்தீன் ‘நோடுஸ்’ என்றால் முடிச்சு. சொல் அங்கிருந்து வந்தது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினி மையம் பள்ளிகளுக்குக் காட்டுவதற்கென்றே ‘வீ ஆர்ச்சி’ என்ற குட்டித் திரளைச் செய்தது. ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினிப் பலகைகள் 18, ஒவ்வொன்றிலும் சின்ன விளக்குகள். பிள்ளைகள் விமான இறக்கைக்கு வடிவம் கொடுத்தால், எந்தெந்தப் பலகை வேலை செய்கிறது என்று விளக்கு காட்டிவிடும். அந்தப் பலகையைத் தொட்டுக்காட்டி ‘முனையம்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஏனென்றால் முனை என்பது நுனி, ஓரம், முடிவு. ஊசிமுனை, தெருமுனை, விமான முனையம். கட்டளை தட்டும் சாளரத்துக்கு முனையம் என்பது பொருத்தம். டெர்மினல் என்ற சொல்லிலேயே முடிவு என்ற பொருள் இருக்கிறது. வலையமைப்புப் படத்தில் கணினிகள் ஓரத்தில்தானே இருக்கின்றன என்று முனையத்துக்காக வாதாடுபவர்கள் உண்டு. சரி, படத்தில் இருக்கட்டும். வேலையில் எது ஓரம்? வானிலைக் கணக்கில் ஒவ்வொரு நோடும் தன் பங்கு நிலப்பரப்பைக் கணக்கிட்டு, எல்லையில் கிடைத்த மதிப்புகளை ஒவ்வொரு படியிலும் பக்கத்துப் பரப்பின் நோடுக்குக் கொடுத்து வாங்குகிறது. சேமிப்பும் அப்படித்தான்: லஸ்டர் போன்ற கோப்பு முறைமைகளில் பெரிய கோப்பைத் துண்டுபோட்டுப் பல சேமிப்பு நோடுகளில் பரப்பி வைக்கலாம். எதுவும் எங்கேயும் முடிந்துபோவதில்லை. நோடு இணைகிற இடம்.

அதற்குத் தமிழில் கணு இருக்கிறது. தாவரவியல் பாடத்தில் தண்டின் நோடு கணு. இயற்பியலில் நிலை அலையின் நோடும் கணுதான். பூச்சியும் நண்டும் கணுக்காலிகள். அதே பிள்ளை, அதே பள்ளி, பக்கத்துப் பாடம்! கணினிப் பாடத்தைப் பெயர்ப்பவர்கள் அறிவியல் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதே இல்லை. அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுகிறார்கள், இயந்திரத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல்.

கணு என்றால் கரும்புதான் நினைவுக்கு வரும் என்கிறார்கள். வரட்டுமே. ஒவ்வொரு கணுவிலும் முளைக்கும் பரு உண்டு. கரணையாக நறுக்கி நட்டால் தனிப்பயிர். சேர்ந்திருக்கும்போது ஒரே கரும்பு. திரளின் கணுவுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஒன்று மட்டும் இடிக்கும்: கரும்பில் கணுக்கள் ஒரே வரிசை, திரளில் அப்படி இல்லை. அதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

லத்தீனைப் பின்பற்றி முடிச்சு என்றே பெயர்த்தால் சிக்கல் என்ற வாடை வருகிறது. ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்றால், ‘நோட்’ என்று எழுதியதுமே பிள்ளைகள் புத்தகப் பையைத் துழாவுவார்கள்.

திருச்சி என்.ஐ.டி.யில் 2022இல் நிறுவிய மீத்திறன் கணினிக்குப் ‘பரம் பொருள்’ என்று பெயர். கணினிக்கே தமிழ்ப் பெயர் இருக்க, உறுப்புகளுக்கு ஏன் பொருந்தாத பெயர்? நுழைவுக் கணு, கணிப்புக் கணு, சேமிப்புக் கணு என்று எழுதலாம். முனையத்தை டெர்மினலுக்கு விட்டுவிடுங்கள்.