"ஒழுங்கா முதல்ல இருந்து சொல்லு"

பெரிய விபத்தில் உயிர் பிழைத்தவர்கள் நடந்ததை மனநல மருத்துவரான என்னிடம் வரிசையாகச் சொல்வதில்லை. டீசல் வாசனையில் தொடங்குவார்கள், ரோட்டில் கிடந்த ஒற்றைச் செருப்புக்குப் போவார்கள், அங்கிருந்து நேற்று ராத்திரி கேட்ட பட்டாசுச் சத்தத்துக்கு. கூட வந்த அண்ணனோ மாமாவோ பொறுமை இழந்து, "ஒழுங்கா முதல்ல இருந்து சொல்லு" என்பார். அப்போதெல்லாம் எனக்கு செப்டிமஸ் ஞாபகம் வந்துவிடுகிறது.

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1925-இல் வெளியிட்ட 'மிஸஸ் டாலவே' நாவலில் வரும் முன்னாள் சிப்பாய் அவன். முதல் உலகப் போர் முடிந்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. லண்டன் தெருவில் ஒரு கார் துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம் போடுகிறது. உள்ளே யார் என்று மற்றவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அவனுக்கோ உலகமே தீப்பற்றப் போவதாகத் தெரிகிறது. செத்துப்போன நண்பன் எவன்ஸ் பூங்காவில் எதிரே வருகிறான். ஆங்கில இலக்கிய மாணவர்கள் இதை, மனதில் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதும் நனவோடை உத்தி என்று பரீட்சையில் எழுதுவார்கள். நான் படித்தபோது கேஸ் ஷீட் மாதிரி இருந்தது.

போரில் இப்படி மனம் குலைந்துபோனதற்கு 'ஷெல் ஷாக்' என்ற பெயரை மருத்துவ இதழில் முதலில் எழுதியவர் டாக்டர் சார்லஸ் மையர்ஸ், 1915-இல். குண்டு வெடித்த அதிர்வில் மூளை குலுங்கிவிட்டது என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தார்கள். ஆனால் பக்கத்தில் குண்டே விழாதவர்களுக்கும் அதே நடுக்கம், அதே கெட்ட கனவு. ராணுவத்துக்கு அது கோழைத்தனமாகத் தெரிந்தது. ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் 2006-இல்தான் மன்னிப்பு அளித்தது.

எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் இருந்த டாக்டர் ரிவர்ஸ் வேறு மாதிரி. நம் நீலகிரியில் தோடர்களோடு பழகி 1906-இல் அவர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவரும் இவர்தான். "மறந்துவிடு, நல்லதை நினை" என்று அறிவுரை வாங்கிய அதிகாரிகள் பகலில் சமாளித்துவிட்டு ராத்திரியில் அலறுவதைக் கவனித்தார். நினைவைத் தள்ளிவைக்காமல் பேச வைத்தார். அவரிடம் சிகிச்சையில் இருந்த கவிஞர் சிக்ஃபிரிட் சசூனை அதே மருத்துவமனையில்தான் இன்னொரு கவிஞரான வில்ஃப்ரெட் ஓவன் 1917-இல் சந்தித்தார். ஓவனின் கைப்பிரதியில் சசூனின் திருத்தங்கள் இன்றும் இருக்கின்றன. ஓவன் போர்முனைக்குத் திரும்பி, போர் நிற்க ஒரு வாரம் இருக்கும்போது இறந்தார். வயது 25.

இந்தத் துண்டு துண்டான நடையை முழுக்கப் போரின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. கவிஞர் டி.எஸ். எலியட்டின் 'புரூஃப்ராக்' கவிதை போருக்கு முன்பே எழுதப்பட்டது. அதிலேயே மனம் துண்டு துண்டாகத்தான் பேசுகிறது. புதிய எழுத்துமுறை ஏற்கனவே முளைத்திருந்தது. வரிசையாகச் சொல்லவே முடியாத ஒரு விஷயத்தைப் போர் அதன் கையில் கொடுத்தது. 1921-இல் அதே எலியட் நரம்புத் தளர்ச்சி என்று வங்கி வேலைக்கு விடுப்பு எடுத்து, சுவிட்சர்லாந்தின் லோசானில் சிகிச்சை பெற்றபடியே 'வேஸ்ட் லேண்ட்' கவிதையின் கடைசிப் பகுதியை எழுதினார்.

வுல்ஃபின் கோபம் எங்கள் ஜாதி மேல், அதாவது டாக்டர்கள் மேல். ஒருவர் செப்டிமஸுக்கு ஒன்றுமே இல்லை என்கிறார். இன்னொருவர், பெரிய ஸ்பெஷலிஸ்ட், இரண்டு மூன்று நிமிடத்தில் முடிவுக்கு வந்து ஓய்வு இல்லத்துக்கு அனுப்பப் பார்க்கிறார். ஓய்வு, பால், எழுதக்கூடாது என்ற அந்த வைத்தியத்தை வுல்ஃபே அனுபவித்தவர். செப்டிமஸ் பிழைக்கவில்லை. அந்த ஸ்பெஷலிஸ்ட் ஒரு நோயாளிக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குவார். என் ஓபியில் அதுவும் கிடையாது என்பது வேறு விஷயம்.

வீட்டில் யாருக்காவது அதிர்ச்சிக்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேலும் கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடல், அந்தப் பக்கமே போக மறுப்பது என்று தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். 14416 டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம். கதையை நேராகச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

நான் இப்போதெல்லாம் அந்த அண்ணனை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். அப்புறம், "அந்தச் செருப்பு என்ன கலர்?" என்று கேட்கிறேன்.