செருப்புப் பெட்டியில் குஞ்சைக் கொண்டுவராதீர்கள்

பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம் வந்தாலே எங்கள் மருத்துவமனைக்குச் செருப்புப் பெட்டிகள் வர ஆரம்பித்துவிடும். உள்ளே துணி, ரொட்டித் துணுக்கு, நடுவில் மிரண்டுபோன ஒரு சிட்டுக்குருவிக் குஞ்சு. "தோட்டத்துக் கூடுப்பெட்டியிலிருந்து விழுந்துவிட்டது டாக்டர். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்தோம், தாய் வரவே இல்லை." இந்த வாரமும் ஒன்று வந்தது. அதன் உடம்பில் ஒரு குறையும் இல்லை. தூக்கி வந்தது மட்டும்தான் குறை.

நீங்கள் பக்கத்தில் நின்றதால்தான் தாய் வரவில்லை! பறவைக்கு நீங்கள் ஒரு பெரிய விலங்கு. நீங்கள் நிற்கும்போது இறங்கினால் குஞ்சு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்பதால், அலகில் புழுவோடு ஏதாவது கிளையில் காத்திருக்கும். நீங்கள் விலகியதும் வந்து, சில நொடியில் ஊட்டிவிட்டுப் பறந்துவிடும். போனிலிருந்து தலை நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 'தாய்' வருகிறதா என்று மட்டும் பார்ப்பதும் தவறு. ஆண் குருவியும்தான் ஊட்டுகிறது. வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பாருங்கள். அப்போதும் ஐந்து நிமிடத்தில் முடிவு கட்டாதீர்கள்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் இருந்தால் அது விழுந்த குஞ்சு அல்ல, கிளம்பிய குஞ்சு. சிட்டுக்குருவிக் குஞ்சு பொரித்து ஏறத்தாழ 2 வாரத்தில் கூட்டை விட்டு வெளியேறும். வால் குட்டையாக, வாயோரம் மஞ்சளாக இருக்கும்; கொஞ்ச தூரம் பறந்து தொப்பென்று விழும். பறக்கப் பழகுவது அப்படித்தான். அதற்கு அப்புறமும் ஒரு வாரம், பத்து நாள் பெற்றோர் அதைத் தேடி வந்து ஊட்டும். அதைப் பிடித்துக் கூடுப்பெட்டிக்குள் திணித்தால் மறுபடி குதிக்கும், சிலசமயம் இன்னும் தயாராகாத கூடப்பிறந்தவையும் மிரண்டு குதிக்கும். வெயிலிலோ நடைபாதையிலோ இருந்தால் பக்கத்துப் புதருக்குள் எடுத்து வைத்துவிட்டு நகருங்கள். அது போதும்.

கண் திறக்காத, இறகில்லாத குஞ்சு கீழே கிடந்தால் விஷயம் வேறு. உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி அதே கூட்டில் வையுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பார்கள். அது உண்மையில்லை. ஆய்வாளர்கள் கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்து, காலில் வளையம் மாட்டித் திரும்ப வைக்கிறார்கள். பெற்றோர் வழக்கம்போல ஊட்டுகின்றன.

தயவுசெய்து வாயில் தண்ணீர் சொட்டாதீர்கள். குஞ்சின் மூச்சுக்குழலின் திறப்பு நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. நேராக நுரையீரலுக்குப் போய்விடும். பாலும் வேண்டாம், ரொட்டியும் வேண்டாம். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டும். குளிர்ந்துபோன குஞ்சுக்கு முதலில் தேவை சூடு, உணவு இல்லை.

சரி, எதற்குத்தான் தூக்கி வருவது? ரத்தம், தொங்கும் சிறகு, செத்துக் கிடக்கும் பெற்றோர். முக்கியமாக, பூனை வாயில் அகப்பட்டது. காயம் எதுவும் தெரியாவிட்டாலும் கொண்டுவாருங்கள். பூனை எச்சிலில் இருக்கும் பாக்டீரியா ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். ஆன்டிபயாடிக் தாமதிக்கக் கூடாது. காற்றுத் துளையுள்ள மூடிய பெட்டியில், இருட்டில் வையுங்கள். வழியில் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

கூடுப்பெட்டி வைத்து வேடிக்கை பார்ப்பது நல்ல பழக்கம்தான், நானும் பார்க்கிறேன். கேமரா வேண்டுமென்றால் குருவி கூடு கட்டத் தொடங்கும் முன்பே பொருத்திவிடுங்கள். முட்டை இட்டபின் மூடியைத் திறந்து எண்ணிப் பார்ப்பது, ஃபிளாஷ் அடிப்பது எல்லாம் வேண்டாம். பெற்றோர் வெள்ளையாக ஏதோ கவ்விக்கொண்டு வெளியே போனால் பயப்படாதீர்கள். அது குஞ்சின் எச்சம், பையில் கட்டியதுபோல வரும். உள்ளே ஊட்டல் நடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. நுழைதுளைக்குக் கீழே அழகுக்காகக் குச்சி ஒன்று வைத்து விற்கிறார்களே, அதைப் பிடுங்கி எறியுங்கள். சிட்டுக்குருவிக்கு அது தேவையில்லை, முட்டை திருட வருபவைக்குத்தான் உதவும். குஞ்சுகள் வெளியேறும் அந்தச் சில நாட்களாவது உங்கள் பூனையை வீட்டுக்குள் அடைத்து வையுங்கள். அது கத்தினால் கத்தட்டும்.