எந்தக் காட்சியில் அழுதீங்க?

"டிவி பார்த்து அழுவுறாரு டாக்டரம்மா." இதைச் சொல்லும்போது அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்பாவின் குடிப்பழக்கத்தைச் சொல்ல வருகிறவர்கள்கூட என் அறையில் இவ்வளவு கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு 64 வயது. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரி சீரியல் ஓடும்போது தேம்பித் தேம்பி அழுகிறார், பேரப்பிள்ளைகள் பயந்துபோகிறார்கள். செட்டாப் பாக்ஸுக்கு ரீசார்ஜ் போடாமல் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்து, அங்கேயும் அழுதுவிட்டு வந்திருக்கிறார். "மானம் போவுது" என்றார் மகள். (ஆள் யாரென்று தெரியாதபடி இங்கே சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இப்படி வருகிறவர்களிடம் ஏன் அழுதீர்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்டால், "சும்மாதான்" என்பார்கள். எந்தக் காட்சியில் அழுதீங்க என்று கேட்பேன். அவரிடமும் அதையே கேட்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்து இரண்டாக, நான்காக மடித்தார். மடிப்பை விரலால் நீவி நீவி விட்டார். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "அந்தப் பையன் பீரோவத் தொறந்து, அவங்கம்மா பொடவைய எடுத்து மூஞ்சில வெச்சிகினான்மா."

அவருடைய மனைவி 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் போனவர். பொட்டலமாகக் கட்டிக் கொடுத்த உடலைத் தூர நின்று பார்த்ததோடு சரி. கருமாதிக்கும் யாரும் வரவில்லை. மகன் அப்போது ஆக்சிஜனில் இருந்தான், மகள் நிறைமாதம். "நான் ஒடைஞ்சா வூடே ஒடைஞ்சிடும்னு இருந்தேன்." ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அப்பா எவ்வளவு தைரியமாக இருந்தார் என்று ஊரே மெச்சியது. மனைவியின் பீரோவை மட்டும் அன்றுமுதல் அவர் திறக்கவே இல்லை.

இவரை சீரியல் கெடுத்துவிட்டதாக மகள் நினைத்தார். அழ இடமே கிடைக்காத துக்கத்துக்கு அந்த சீரியல் ஓர் இடம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். என் தொழிலில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சொந்த இழவுக்கு அழாதவர்கள் அடுத்தவர் கதைக்கு அழுவார்கள். அழுகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு போனால், காரணம் திரையில் இருக்காது, அவர் வீட்டுக்குள்தான் இருக்கும்.

நம் வடாற்காட்டுக்காரர்களுக்கு இது புதிதா என்ன? திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் விடிய விடியக் கூத்து நடக்கும். துகில் உரியும் இரவிலும் கர்ணன் சாகும் இரவிலும் பாயில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். வேஷம் கட்டியிருப்பது பக்கத்துத் தெரு ஆள் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். கடைசி நாள், துரியோதனன் சாகும் படுகளத்தில், மண்ணால் செய்த அவன் உருவத்தைக் கிடத்தியபின் காந்தாரி ஒப்பாரி வைப்பாள். அவ்வளவு கெட்டவனுக்கும் அழ ஒரு தாய் இருக்கிறாள். என் பாட்டி அந்த ஒப்பாரியில் செத்துப்போன தன் தம்பிக்கும் சேர்த்துத்தான் அழுவாள். யாரும் அவளைத் தடுத்ததில்லை, ஏன் என்று கேட்டதும் இல்லை. இன்றைக்கு அதே கண்ணீர் மூடிய ஹாலில் தனியாக, டிவி வெளிச்சத்தில் வருகிறது. அதைத்தான் வியாதி என்று என்னிடம் கூட்டிவருகிறார்கள்.

உடம்பில் நடப்பது இதுதான். கண்ணை ஈரமாக வைக்க எப்போதும் சுரக்கும் நீர் ஒன்று, வெங்காயத்துக்கும் தூசிக்கும் வரும் நீர் இன்னொன்று, மனசு கலங்கி வரும் நீர் மூன்றாவது. உணர்ச்சியைக் கையாளும் மூளையின் உட்பகுதிகள் கிளர்ந்தால், முகத்துக்குப் போகும் நரம்பு வழியே கண்ணீர்ச் சுரப்பிக்குச் செய்தி போகிறது. கண்ணிலிருந்து ஒரு சிறு குழாய் மூக்குக்குள் இறங்குவதால்தான் அழுதால் மூக்கும் ஒழுகுகிறது. 'இது நடிப்பு' என்று முன்மூளைக்குத் தெரியும். ஆனால் ஒரு தாயின் கலங்கிய முகத்தை அவ்வளவு பக்கத்தில் காட்டி, பின்னால் வயலினையும் இழுத்துவிட்டால், உள்ளே இருப்பது அந்த விளக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை. "நெசமாவா நடக்குது, இதுக்குப் போய் அழுவுற?" என்று கேட்பதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான்.

அழுதால் எல்லோருக்கும் மனசு லேசாகும் என்றும் நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் லேசாகும். கேலி செய்தால் பாரம் கூடும். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் வந்தான். தியேட்டரில் படம் பார்த்து அழுததை மாமன்கள் வீடியோ எடுத்து, "பொம்பள மாதிரி அழுவுறான் பாரு" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அதற்குப்பின் அவன் படத்துக்கும் போகவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. எனக்கு இன்றும் கோபம் வருகிற விஷயம் இது. அழுகையைக் கேலி செய்து நிறுத்தினால், சொல்வதையும் சேர்த்துத்தான் நிறுத்துகிறோம்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் அம்மா ஒருவர். முறத்தை மடியில் வைத்தபடி தினமும் ஐந்து சீரியல். 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒருநாள் போட்டுவிட்டார்கள், இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சிரிக்காதீர்கள். திரையில் தினமும் பார்க்கும் முகத்தோடு நமக்கு ஒருவழி உறவு வளர்கிறது என்று டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இரு அமெரிக்கர்கள் 1956-லேயே எழுதிவிட்டார்கள். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வீட்டில் அந்த முகம் போவதும் இழப்புதான். அவருக்கு நான் மருந்து எழுதவில்லை. பக்கத்துத் தெருவில் பீடி சுற்றும் மற்ற பெண்களோடு உட்கார்ந்து வேலை செய்யச் சொன்னேன்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய அழுகையும் உண்டு. பக்கவாதம் வந்தவர் சோப்பு விளம்பரத்துக்கும் செய்திக்கும் பொலபொலவென்று அழுது சட்டென்று நிறுத்தினால், மனசில் வருத்தமே இல்லை என்றும் சொன்னால், அது மூளைப் பாதிப்பால் வரும் கட்டுப்படாத அழுகை. இதற்கு மருந்து இருக்கிறது. "வீட்டுக்காரர் சென்டிமென்ட் ஆயிட்டாரு" என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு முதல் சில நாட்களில் கண்ணீர் வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் நிற்காவிட்டால் காட்டுங்கள். படமோ சீரியலோ ஓடாத நேரத்திலும் இரண்டு வாரமாக மனசு கனத்துக் கிடந்து, தூக்கமும் பசியும் போய், எதிலும் நாட்டமில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். எப்போதும் அழுகிறவர் திடீரென்று எதற்கும் அழ முடியாமல் மரத்துப்போனாலும் அப்படியே. ஒரு காட்சியைப் பார்த்து நெஞ்சு படபடத்து, வியர்த்து, அன்றிரவு கெட்ட கனவு வந்தால், அந்தக் காட்சி பழைய காயத்தைத் தொட்டிருக்கிறது. அவரை வற்புறுத்தி உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். தற்கொலைக் காட்சியைப் பார்த்துவிட்டுப் பிள்ளை பேசாமல் இருந்தால், நீங்களே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

அரசு நடத்தும் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. நம் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையமே இருக்கிறது. அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கித்தான் சிகிச்சை. பாகாயம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்கி ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆம்பூர்க்காரர் நான்கு முறை வந்தார். செட்டாப் பாக்ஸுக்கு ரீசார்ஜ் போட்டுவிட்டார்கள். மகள் அவர் அழும்போது எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். என்ன பேசுவது என்று கேட்டார், ஒன்றும் பேச வேண்டாம், தண்ணீர் மட்டும் கொடுங்கள் என்றேன். பீரோ இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. வருகிற திதிக்கு மகனும் வருகிறானாம், அன்றைக்குத் திறக்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார்.